செவலைக்கு முட்டை தங்கியபோது

வீட்டுக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் முதலில் வரும் யோசனை குழம்புதான். முட்டையிடுவதில் கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம். "முட்டை வெக்காத கோழிக்கு எதுக்குத் தீனி?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வருடக்கணக்கில் வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்த உயிர், அந்த முட்டையாலேயே தவிக்கும்போது அதைக் கவனிக்க வேண்டியது வளர்ப்பவரின் பொறுப்பு. தவிர, இந்தக் கோளாறுகளில் பல, நாம் போடும் தீனியிலும் நம் வெயிலிலும்தான் ஆரம்பிக்கின்றன. தெரிந்துகொண்டால் தடுக்க முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெருந்துறைப் பக்கம். புழக்கடையில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, அதனடியில் தகரக் கூரை போட்ட கோழிக்கூடு. கலப்பாக ஏழெட்டுக் கோழிகள் எப்போதும் இருக்கும். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி இரண்டு, மற்றதெல்லாம் சந்தையில் வாங்கிய கலப்பினம். செவலை அப்படி வந்ததுதான். நல்ல சிவப்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும்; வருடத்துக்கு 60, 80 முட்டை தேறினால் பெரிய விஷயம். செவலை அப்படியில்லை. அடைக்கே படுக்காமல் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டே இருக்கும். அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அதிகம் முட்டை வைக்கும் கோழிக்குத்தான் இந்தத் தொல்லைகள் அதிகம் வரும். காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்து நிறுத்திக்கொள்ளும். பண்ணை வெள்ளைக்கோழியை 300 முட்டைக்கு மேல் வைக்கும்படி மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறோம். உடம்பு ஒன்றுதான், வேலை மட்டும் பல மடங்கு.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் கூட்டைத் திறந்தபோது எல்லாம் இறங்கி ஓடின, செவலை வரவில்லை. முட்டை வைக்கும் கூடைக்குள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சுவரோரமாக நிற்கிறது. உடம்பை நிமிர்த்தி, வாலைக் கீழே இறக்கி, சிறகுகள் தொங்க, கால்களை அகட்டி நிற்கிறது. சில நொடிக்கு ஒருமுறை பின்பக்கம் சுருங்கி விரிகிறது, வாலும் சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. கம்பு போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கூடைக்குள் முட்டை இல்லை, வெள்ளைத் தண்ணீராகக் கொஞ்சம் எச்சம் மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். அவர் கோழி வளர்க்காத நாளே கிடையாது. "அடைக்குத்தான் சுத்துது கண்ணு, உட்டுரு" என்றார் முதலில். கையில் எடுத்துப் பார்த்த பிறகு முகம் மாறியது. "இல்ல கண்ணு, முட்டை உள்ளயே நிக்குது. இது தேறாது. இன்னைக்கே அடிச்சுப் போட்ரு, நாளைக்குன்னா கறி வீணாப் போயிரும்."

அடைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. அடைக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தை விடாது. கையைக் கொண்டுபோனால் கொர்ரென்று சத்தமிட்டுக் கொத்தும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து ஓடிவந்து அவசரமாகத் தின்று, நாற்றமாக ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும். கண்ணில் தெளிவு இருக்கும். முட்டை தங்கிய கோழிக்கு அந்த முறைப்பு இருக்காது, தூக்கினால் துவண்டு வரும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். விடிகாலையில் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தால் பிரச்சினை வேறு.

அப்புறம் அடிவயிறு. கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகமும் முட்டைக்குழாயும் மட்டும்தான் வளர்ந்து வேலை செய்யும். அதனால் பின்துவாரத்துக்குக் கீழே, துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு இடுப்பு எலும்பு முனைகளுக்கு நடுவில், சற்று இடப்பக்கமாக விரல்களை வைத்து மெதுவாகத் தடவினால் முட்டை இருப்பது கெட்டியாகத் தட்டுப்படும். தடவத்தான் வேண்டும், அமுக்கக் கூடாது. இன்றைக்கு முட்டை வைக்குமா வைக்காதா என்று காலையில் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் கிராமத்துப் பெண்களுக்கு உண்டு. பெரியம்மாவும் அப்படித்தான் பார்ப்பார், அவர் கை தப்பாகச் சொன்னதே இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுக்கு நகத்தோடு உள்ளே போகும் விரல் கிருமியையும் கொண்டுபோகும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வும் கீறிப்போகும். வெளியிலிருந்து தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

செவலைக்கு முட்டை நன்றாகவே தட்டுப்பட்டது. முட்டை தங்கிவிட்டால் நமக்கு இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். முட்டை உள்ளே நின்று எச்சம் போகும் வழியை அடைக்கும். காலுக்குப் போகும் நரம்பையும் அழுத்தும். சில கோழிகள் நொண்டுவது அதனால்தான். பொறுத்துப் பார்க்கலாம் என்று மறுநாளுக்குத் தள்ளினால் மறுநாள் கோழி இருக்காது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 38 முதல் 40 டிகிரி இருக்கலாம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வயிறு முங்கும் அளவுக்கு ஊற்றி, செவலையை அதில் உட்கார வைத்து, சிறகின் மேல் இரண்டு கையையும் லேசாக வைத்துக்கொண்டேன். முதலில் திமிறியது. இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை என் மணிக்கட்டில் சாய்த்தது. இருபது நிமிடம் வரை வைக்கலாம், தண்ணீர் ஆறினால் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஓரமாகச் சேர்க்கலாம். சூடு பட்டால் இறுகிய தசை தளரும். வெளியே எடுத்ததும் பழைய துண்டால் ஒற்றி எடுத்து, இறகு நன்றாகக் காய்கிற வரை காற்றோட்டத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்துவாரத்தைச் சுற்றிச் சுத்தமான தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினேன்.

குளிர் நாடுகளில் எழுதும் குறிப்புகளில் கோழியை விளக்குப் போட்ட சூடான அறையில் வை என்று இருக்கும். நம் சித்திரைக்கு அது ஆகாது. வெளியே 40 டிகிரி இருக்கும்போது சூட்டு விளக்கும் சேர்ந்தால் கோழி மூச்சிரைத்தே செத்துவிடும். மார்கழியில் வேண்டுமானால் சரி. கோடையில் தேவைப்படுவது இருட்டும் அமைதியும்தான். அட்டைப்பெட்டியில் சாக்கை மடித்துப் போட்டு, அதில் செவலையை விட்டு, தானியம் வைக்கும் அறையில் வைத்தேன். பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. பயந்த கோழி முட்டையை வெளியே தள்ளாது, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் குடிக்க வைப்பது அதே அளவுக்கு முக்கியம். வெல்லம் கரைத்த தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் தானாக விழுங்கும். வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினால் முட்டை வழுக்கிக்கொண்டு வரும் என்று சொல்பவர்கள் உண்டு. வாய்க்குள் போவது குடலுக்குப் போகும். முட்டை இருப்பது வேறு குழாய். அந்த எண்ணெயால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் மேலாக, உள்ளே இருக்கும் முட்டையை உடைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கோழியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஓட்டுச் சில்லு குழாயைக் கிழிக்கும், கருவும் வெள்ளையும் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். வயிற்றைப் பிதுக்குவதும் அப்படித்தான். குழாயே முட்டையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். எப்போதாவது முட்டையை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது மருத்துவர் செய்கிற வேலை.

முட்டை வரவில்லை. மத்தியானத்துக்குள் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். மாடும் ஆடும் நிற்கும் வரிசையில் கூடைக்குள் ஒரு கோழியோடு நின்றபோது சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். டாக்டர் அப்படிப் பார்க்கவில்லை. கையுறை போட்டு, எண்ணெய் தொட்டு விரலால் பார்த்து, "முட்டை கிட்டத்துலதான் நிக்குது. ஓடு நல்லா இல்லைங்க, சொரசொரன்னு இருக்கு" என்றார். கால்சியம் ஊசி போட்டார். அவர் சொன்னதுதான் எனக்குக் கண் திறந்த இடம். முட்டை ஓட்டுக்கு வேண்டிய அதே சுண்ணாம்புச் சத்துதான் முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் வேண்டும். ரத்தத்தில் அது குறைந்தால் ஓடும் சரியாக அமையாது, தசைக்கும் தள்ளத் தெம்பு இருக்காது. ஓடு வழவழப்பாக இல்லாமல் போனால் வழியிலும் சிக்கும். மூன்றும் ஒரே குறையிலிருந்து வருகின்றன. தசையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியைப் பற்றிக் கேட்டேன். "அது அடுத்துதாங்க. கால்சியம் இல்லாம அதைப் போட்டுப் பிரயோசனம் இல்ல. முட்டை எங்கயாவது ஒட்டிப் பிடிச்சிருந்தா குழாயே கிழிஞ்சு போயிரும். சாயங்காலம் வரைக்கும் பாருங்க, வரலைன்னா திரும்பக் கொண்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை வெந்நீரில் உட்கார வைத்து, துடைத்து, பெட்டியில் விட்டோம். பொழுது சாய்கிற நேரத்தில் பெட்டிக்குள் சத்தம் கேட்டது. முட்டை வைத்ததும் கொக்கரிக்குமே, அதே சத்தம். கொஞ்சம் தொண்டை அடைத்த மாதிரி வந்தது. முட்டை வழக்கத்தைவிட நீளம். ஒரு முனையில் ஓடு சுருக்கம் விழுந்து, தடவினால் விரலில் பொடி ஒட்டியது. லேசாக ரத்தக்கோடு ஒன்றும் இருந்தது. செவலை எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

இனி அது ஏன் வந்தது என்ற கணக்கு. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு போடுவதற்கே போய்விடும். ஒரு ஓட்டில் இருக்கும் கால்சியம் ஏறத்தாழ 2 கிராம். கோழி தின்பதில் பாதிதான் ஓட்டுக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், முட்டை வைக்கும் ஒவ்வொரு நாளும் அதன் தீனியில் 4 கிராம் கால்சியம் இருக்க வேண்டும். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்ப்பதும் இதனால்தான்; 100, 110 கிராம் தின்றால் கணக்கு சரியாகிவிடும்.

நாம் போடுவது என்ன? கம்பு, சோளம், நொய், மீந்த சோறு. தானியங்களிலேயே கேழ்வரகில்தான் கால்சியம் அதிகம், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம். வெறும் கேழ்வரகையே நாள் முழுக்கத் தின்றாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அரிசியும் கம்பும் அதைவிட எவ்வளவோ குறைவு. முருங்கைக் கீரை நல்லது, நாங்களும் தினமும் ஒரு கொத்து கட்டித் தொங்கவிடுகிறோம். ஆனாலும் கீரையால் மட்டும் இந்த அளவை எட்ட முடியாது. குறையும் கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு போடும். நாட்டுக்கோழி பத்து முட்டையோடு நிறுத்தி அடைக்குப் படுத்து அதை ஈடுகட்டிக்கொள்ளும். நிறுத்தாமல் வைக்கும் செவலைக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

அதனால் இப்போது எங்கள் கூட்டில் கிளிஞ்சல் தூள் தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கும். தீவனக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. மாவாக அரைத்ததை வாங்காதீர்கள், குறுணையாக இருப்பதை வாங்குங்கள். ஓடு போடும் வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது. அந்த நேரத்தில் கோழி எதுவும் தின்பதில்லை. சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்குத் தின்ற குறுணை, தீனியை அரைக்கும் அரைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவாக இருந்தால் சீக்கிரமே கடந்து போய்விடும். மாலையில் கவனித்தீர்கள் என்றால் முட்டை வைக்கும் கோழிகள்தான் அந்தக் கிண்ணத்தைத் தேடி வரும், சேவல் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும். தங்களுக்கு வேண்டியது அவற்றுக்கே தெரிகிறது. அதனால்தான் தீவனத்தில் கலக்காமல் தனியாக வைக்கிறோம். வளரும் குஞ்சுக்குக் கால்சியம் அளவுக்கு மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டுப்போகும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது என்பதும் இதற்காகவே.

கிளிஞ்சல் கிடைக்காதவர்கள் நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேட்டு வாங்கலாம். கணவாய் மீனின் ஓடு அது. சுத்தியால் தட்டி நொறுக்கிப் போட்டால் போதும். வீட்டு முட்டை ஓடும் நல்லது. கழுவி, வெறும் சட்டியில் வறுத்து, முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்க வேண்டும். பெரிய துண்டுகளாகப் போட்டால் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும். சுண்ணாம்புத் தெளிநீர் வைக்கும் வழக்கமும் உண்டு. அதில் கரைந்திருக்கும் கால்சியம் மிகவும் சொற்பம், அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். காலை வெயிலில் மண்ணில் புரண்டு திரியும் கோழிக்கு அந்தக் குறை வராது, நாள் முழுக்கக் கூண்டில் அடைத்து வைத்த கோழிக்கு வரும்.

வெயில் செய்கிற வேலையும் இதில் பெரியது. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் இரைக்க ஆரம்பிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் என்ற பகுதி வர வேண்டியது இந்த வாயுவிலிருந்துதான். அதனால் கால்சியம் போதுமான அளவு கொடுத்தாலும் கோடையில் ஓடு மெலியும். போதாததற்கு வெயிலில் தீனியும் குறைவாகத் தின்னும். நாங்கள் கோடையில் தீனியை விடியுமுன் ஒரு தடவையும் பொழுது இறங்கிய பின் ஒரு தடவையுமாக மாற்றிவிடுவோம். மண்பானைத் தண்ணீரை நிழலில் வைத்து மத்தியானம் ஒருமுறை மாற்றுவோம். தகரக் கூரை மேல் தென்னை ஓலை போட்டு, நண்பகலில் தண்ணீர் தெளிப்போம். கூரைக்கு ஓலை போட்டதுமே கூட்டுக்குள் கை வைத்தால் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொரு காரணம் கொழுப்பு. மீந்த சோறு, இட்லி, புளித்த மாவு எல்லாவற்றையும் கோழிக்குக் கொட்டுவது வீட்டு வழக்கம். ஆசையாகத்தான் போடுகிறோம். ஆனால் அந்த மாவுச்சத்து அடிவயிற்றில் கொழுப்பாகப் படிந்து முட்டை வரும் வழியை நெருக்கும். பின்துவாரத்துக்குக் கீழே தோலை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். மெலிதாகப் பிடிபட வேண்டும், தடித்துக் கெட்டியாக இருந்தால் கோழிக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது. சோறு ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கரையான், புழு, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள்.

தோல் முட்டை பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். ஓடே இல்லாமல் வெறும் சவ்வோடு வருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். புதிதாக வைக்க ஆரம்பித்த விடைக்கோழி ஒன்றிரண்டு அப்படி வைத்தால் பயப்பட வேண்டாம், உடம்பு பழகிக்கொள்ளும். தெருநாய் துரத்தியதற்கு மறுநாள், தீபாவளி வெடிக்கு மறுநாள் வந்தாலும் அது அதிர்ச்சியால் நேரத்துக்கு முன்னாலேயே வெளியே வந்ததுதான். அடிக்கடி வந்தால் மேலே சொன்ன கால்சியமும் வெயிலும்தான் முதல் சந்தேகம். தோல் முட்டையும் தங்கும். மென்மையாக இருப்பதால் தசைக்குத் தள்ளப் பிடிமானம் கிடைக்காது, வெளியிலிருந்து தொட்டாலும் சரியாகத் தெரியாது.

ஒரு கோழிக்கு மட்டும் கோளாறு என்றால் அதன் உடம்பைப் பாருங்கள். எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் முட்டையைக் குறைத்தால், அல்லது கோணல்மாணலாக, வெளிறிய ஓட்டோடு வைத்தால் தீனியைப் பாருங்கள். அதிலும் காரணம் தெரியாவிட்டால் நோய். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, தும்மி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். கோடைக்கு முன் போட்டுவிடுவது நல்லது.

முக்கி முக்கி முட்டை வைத்த கோழிக்குச் சில சமயம் குழாயின் உள்பக்கம் சிவப்பாக வெளியே தள்ளி நிற்கும். உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள், இதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும், குடல்வரை இழுத்துவிடும். உப்புக் கலந்த ஆறிய வெந்நீரால் கழுவி, வீக்கம் வற்றத் தேனோ சர்க்கரைக் குழம்போ தடவி, சுத்தமான விரலால் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வெளியே வந்தால் மருத்துவரிடம் போங்கள், தையல் போட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. எங்களிடம் ஒரு கறுப்புக்கோழி இருந்தது. முட்டையை நிறுத்திவிட்டுக் கூடையில் மட்டும் போய் உட்கார்ந்து வரும். அப்புறம் நடை அகன்றது. வயிறு பெருத்து, தொட்டால் உள்ளே நீர் தளும்பியது. மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள் விழுந்து, அங்கே கிருமி சேர்ந்து சீழ் வைத்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டார், நீரையும் கொஞ்சம் எடுத்தார். சில வாரம் தெம்பாக இருந்து, பிறகு போய்விட்டது. வேம்புக்குப் பக்கத்தில் புதைத்தோம். பெரியம்மாவும் வந்து நின்றார். இந்த நோய் முற்றிய பிறகு செய்வதற்கு அதிகமில்லை. கோழி வலியில் கிடக்கிறது, தின்பதில்லை, எழுவதில்லை என்றால் அதை இழுத்தடிக்காமல் மருத்துவரைக் கொண்டு அமைதியாக முடித்துவைப்பதும் அதன் மேல் வைக்கிற அக்கறைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு செவலைக்கு ஓய்வு வேண்டியிருந்தது. இருட்டு நேரம் கூடினால் முட்டை வைப்பது நிற்கும். நம் ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் தானாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கு மணிக்கே கிளிஞ்சலைத் தின்ன விட்டு, உடனே இருட்டான கூண்டில் அடைத்து, காலையில் தாமதமாகத் திறந்துவிட்டோம். மெல்ல நின்றது. அதே வருடம் புரட்டாசியில் இறகு உதிர்த்து, பார்க்கவே பரிதாபமாகத் திரிந்தது. இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை இல்லாமல் இருப்பது நோயில்லை, அந்தப் புரதமெல்லாம் புது இறகுக்குப் போகிறது. அடைக்கு உட்காரும் கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைக் குத்தி விடுவதும் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். அடை என்பது அந்த உடம்பு தானாக எடுத்துக்கொள்ளும் விடுப்பு. குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையை எடுத்துவிட்டு, காற்றோட்டமான கம்பித்தளக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து ஒரு சில நாள் விட்டால் அடை தெளிந்துவிடும்.

கடைசியாக இரண்டு மூன்று விஷயம். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முட்டையை மற்றக் கோழிகளுக்கும் போடாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சு, கையுறை, தேங்காய் எண்ணெய், ஒரு பழைய துண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த கால்சியம் மருந்து, இவ்வளவும் ஒரு டப்பாவில் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. பக்கத்தில் மருந்தகம் இல்லாதவர்கள் கோழிக்கு எதற்கு என்று தயங்காமல் கூப்பிடுங்கள். காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொன்றும் எப்படி இறங்குகிறது, வால் எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். செவலைக்கு அடுத்த பங்குனியில்தான் மறுபடி முட்டை வந்தது. வாரத்துக்கு இரண்டு, மூன்றுதான் வைக்கிறது, ஓடு கெட்டியாக இருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கோழிகளுக்கும் சாயங்காலம் கிளிஞ்சல் கிண்ணம் வைக்கிறார்.